இறக்கத்தில் ஓடியதுதான் பிழை

மலைநகரான ஹட்டனில் ஆறு கிழமையாக ஓட்டமும் வெயிட்டும் சேர்த்துச் செய்தேன். இடுப்பளவு 38 அங்குலத்திலேயே நின்றது. தோளில் பாரம் வைத்துக் குந்தி எழும்பும் ஸ்குவாட்டில் 60 கிலோ தூக்கியவன் 45க்கே தடுமாறினேன்.

முதலில் ராச்சோற்றை நிறுத்தினேன். பசிதான் மிச்சம். அப்புறம் ஓட்டத்தைக் கூட்டினேன். தொடை இன்னும் மோசமானது.

ஒருநாள்தான் கவனித்தேன்: ஏறும்போது வலியே இல்லை, இறக்கத்தில் ஓடிய மறுநாள் படியிறங்கினால் தொடையின் முன்பக்கம் கெஞ்சியது. இறக்கத்தில் தொடைத்தசை நீண்டுகொண்டே உடம்பைப் பிடித்து நிறுத்த வேண்டும். மூச்சு வாங்காது, அதனால் லேசான வேலை என்று நினைத்துவிடுவோம். தசை இழைகளில் நுண்ணிய சேதம் விழுவது அங்கேதான். அந்தக் காலோடு போய் ஸ்குவாட் செய்தால் எப்படி எழும்பும்?

சரி, வரிசையை மாற்றினேன். முதலில் வெயிட், பிறகு 25 நிமிடம் ஏற்றத்தில் வேகநடை. கீழே வருவது பஸ்ஸில். கண்டக்டர் சிரிக்கிறார், சிரிக்கட்டும்.

இன்னொன்று தேத்தண்ணிச் சீனி. நாளுக்கு ஐந்து கோப்பை, கோப்பைக்கு மூன்று தேக்கரண்டி: 60 கிராம், சுமார் 240 கலோரி. சோற்றை விட்டவன் இதை எண்ணவேயில்லை! இப்போது வெறும் தேத்தண்ணி, கடிக்க ஒரு சின்னத் துண்டு கித்துள் கருப்பட்டி.

இரண்டு மாதத்தில் இடுப்பு 36. ஸ்குவாட்டும் பழைய 60க்கு வந்துவிட்டது.