பத்து மூச்சு எண்ணத் தெரிந்தால் போதும்: புதியவர்களுக்கான தியானப் பயிற்சி

தியானம் பற்றிப் பேச்செடுத்தாலே பலர் என்னிடம் சொல்வது ஒன்றுதான்: "எனக்கு மனசு ஒரு இடத்தில் நிற்காது, இதெல்லாம் ஒத்துவராது." மனம் நிற்காமல் ஓடுவதால்தானே இந்தப் பயிற்சியே தேவைப்படுகிறது! எண்ணமே வராமல் செய்வது நம் வேலை இல்லை. மனம் ஓடியதைக் கவனித்து, திட்டாமல் திரும்பக் கூட்டிவர வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் இடம். வீட்டிலேயே செய்யலாம். ஆனாலும் கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது, ஒரே ஒருமுறை பிரிக்பீல்ட்ஸ் மகா விகாரைக்குப் போய் உட்கார்ந்து பாருங்கள். கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் இருந்து நடந்தே போய்விடலாம். 1894ல் இங்கிருந்த சிங்களச் சமூகத்தினர் தொடங்கிய விகாரை அது. 1952ல் இலங்கையிலிருந்து வந்த புத்த பிக்கு தம்மானந்த தேரர், 2006ல் மறையும் வரை அங்கிருந்துதான் எளிய சொற்களில் பௌத்தம் சொல்லிக்கொடுத்தார். புத்தர் கோயிலாயிற்றே என்று நம்மவர்கள் சிலர் தயங்குவார்கள். விகாரை இருக்கும் அதே ஜாலான் பெர்ஹாலா சாலையில் சக்தி விநாயகர் கோயில் இருக்கிறது, பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு அப்படியே நடந்து வாருங்கள். யாரும் மதம் மாறச் சொல்லப் போவதில்லை. மணிமேகலையைத் தந்த மொழிக்குப் பௌத்தம் வெளியாளும் இல்லை.

அடுத்து உட்காருவது. சம்மணம் போட முடிந்தால் நல்லது, முழங்கால் வலி இருந்தால் நாற்காலி போதும். முதுகு நேராக, தோள் தளர்வாக இருக்கட்டும். கைப்பேசியில் பத்து நிமிடத்துக்கு அலாரம் வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.

இப்போது மூச்சு. இது பிராணாயாமம் இல்லை, மூச்சை இழுக்கவோ அடக்கவோ வேண்டாம். நீளமாக வந்தால் நீளம் என்று தெரிய வேண்டும், குட்டையாக வந்தால் குட்டை என்று தெரிய வேண்டும். மூச்சைக் கவனிப்பது பற்றிப் புத்தர் சொன்ன ஆனாபானசதி சூத்திரம் தொடங்குவதே அங்கிருந்துதான். மூச்சு வெளியே போகும்போது மனதுக்குள் ஒன்று, அடுத்ததற்கு இரண்டு, இப்படிப் பத்து வரை எண்ணிவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குங்கள். ஏன் பத்து என்றால், 5ஆம் நூற்றாண்டில் விசுத்திமக்கம் என்ற பௌத்தத் தியான நூலை எழுதிய புத்தகோசர் அதற்குக் காரணம் சொல்லியிருக்கிறார். ஐந்துக்குக் குறைவாக நிறுத்தினால், இடமில்லாத தொழுவத்தில் அடைத்த மாடுகள் மாதிரி மனம் முட்டிமோதும். பத்தைத் தாண்டிப் போனால், மனம் மூச்சை மறந்துவிட்டு எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்ளும். எனக்கு முதல் இரண்டு வாரம் நாலைத் தாண்டவே இல்லை. நாலில் தொலைந்தால் மறுபடி ஒன்று. தொலைந்ததைக் கண்டுகொண்ட அந்த நொடிதான் பயிற்சி, அதைத் தோல்வி என்று நினைத்துத்தான் நிறைய பேர் மூன்றாம் நாளே விட்டுவிடுகிறார்கள்.

வெளியே மோட்டார் சைக்கிள் சத்தம், பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி எல்லாம் கேட்கத்தான் செய்யும். "கேட்கிறது" என்று மனதுக்குள் சொல்லிவிட்டு மூச்சுக்கு வந்துவிடுங்கள்.

இது அமைதிக்கு எப்படி உதவும் என்று கேட்டால், புத்தர் சொன்ன இரண்டு அம்புகளைத்தான் சொல்வேன். ஒருவனுக்கு ஓர் அம்பு தைக்கிறது, வலிக்கிறது. அதை நினைத்துப் புலம்புவது, அதே ஆளை இன்னோர் அம்பும் தைத்த மாதிரி. ஒருமுறை அலுவலகத்தில் எல்லார் முன்னாலும் மேலதிகாரி என்னைக் கடிந்து பேசினார். அது முதல் அம்பு, அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. அன்றிரவு மூன்று மணி வரை "இவர் எப்போதுமே என்னைத்தான்", "நானும் பதில் சொல்லியிருக்க வேண்டும்" என்று படுக்கையில் புரண்டேனே, அந்த இரண்டாவது அம்பை அவர் எய்யவில்லை. உட்கார்ந்து பழகப் பழக, இரண்டாவது அம்பு வில்லில் ஏறும்போதே கண்ணில் படத் தொடங்குகிறது. எப்போதும் இல்லை, ஆனால் முன்பைவிட அடிக்கடி. வயிறு இறுகுவது, தாடை கடிபடுவது, அதுதான் அடையாளம். அப்போது மூன்று மூச்சு எண்ணுங்கள், அப்புறம் பேசலாம்.

தூக்கம் வந்தால்? வாழை இலைச் சாப்பாடு முடித்த கையோடு உட்கார்ந்தால் கட்டாயம் வரும். காலையில் பசியாறுவதற்கு முன் உட்காருங்கள். அப்படியும் கண் சொருகினால் எழுந்து, பதினைந்து அடி தூரத்துக்கு மெதுவாகப் போய்த் திரும்புங்கள். பாதம் தூக்கும்போது தூக்குகிறேன், வைக்கும்போது வைக்கிறேன் என்று தெரிந்து நடப்பதும் தியானம்தான்.

பத்து நிமிடம் பழகிவிட்டால், இரண்டு வாரம் கழித்துப் பதினைந்தாக்குங்கள், அவசரம் வேண்டாம். ஒன்று மட்டும் கவனம்: அண்மையில் பெரிய இழப்பையோ அதிர்ச்சியையோ சந்தித்தவர்களுக்குக் கண்ணை மூடியதும் பயமோ அழுகையோ பொங்கி வரலாம். வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்காராதீர்கள். கண்ணைத் திறந்து, எதிரில் இருக்கும் ஒரு செடியையோ சுவரையோ பாருங்கள், அன்றைக்கு அத்தோடு போதும். அடுத்தடுத்த நாளும் அப்படியே இருந்தால், தியானத்தை ஓரமாக வைத்துவிட்டு மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ போய்ப் பாருங்கள்.