வீட்டுக்கு வரும் விற்பனை அழைப்புகளைக் குறைப்பது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

கை வேலையைப் போட்டுவிட்டு ஓடிப்போய்த் தொலைபேசியை எடுத்து "ஹலோ" என்கிறீர்கள். மறுமுனையில் சத்தம் இல்லை. இரண்டு விநாடி கழித்து 'டக்' என்று ஓர் ஒலி, அதன் பின்னால் பலர் ஒரே நேரத்தில் பேசும் இரைச்சல், அதற்கும் பிறகு உங்கள் பெயரைத் தப்பும் தவறுமாக உச்சரிக்கும் ஒரு குரல். நாம் செய்ய வேண்டியவை பலவும் அந்த இரண்டு விநாடி மௌனம் எதனால் வருகிறது என்பதைப் பொறுத்தவை என்பதால், முதலில் அதைப் பார்த்துவிடுவோம்.

பெரிய விற்பனை மையங்களில் உங்கள் எண்ணை மனிதர் யாரும் அழுத்துவதில்லை. எத்தனை பேர் எடுப்பார்கள் என்று கணித்து, இருக்கும் ஊழியர்களைவிட அதிகமான எண்களை ஒரு மென்பொருள் ஒரே நேரத்தில் அழைக்கிறது. எடுத்தவரை அப்போது ஓய்வாக இருக்கும் ஊழியரிடம் இணைக்கிறது. மௌனம் அந்த இணைப்புக்கான நேரம். ஊழியர் யாரும் ஓய்வாக இல்லையென்றால் அழைப்பு அப்படியே துண்டிக்கப்படும். வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்று திருடர்கள் வேவு பார்ப்பதாகப் பலரும் அஞ்சும் 'பேசாத அழைப்புகளில்' கணிசமானவை இப்படி வந்தவைதான். அமெரிக்காவில் இதற்கென்றே விதி உண்டு: எடுத்தவர் பேசிய இரண்டு விநாடிக்குள் ஊழியருடன் இணைக்க வேண்டும், எடுக்கப்பட்ட அழைப்புகளில் நூற்றுக்கு 3-க்கு மேல் இப்படிக் கைவிடப்படக் கூடாது.

முதல் படி: ஒரு வாரம் குறித்து வையுங்கள்

தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தை வைத்து, தேதி, நேரம், திரையில் தெரிந்த எண், சொல்லப்பட்ட நிறுவனப் பெயர், எதை விற்க வந்தார்கள் ஆகியவற்றை ஒரே வரியில் எழுதுங்கள். "செவ்வாய், காலை 10.40, காப்பீடு, நிறுவனப் பெயர் கேட்டதும் வைத்துவிட்டார்" என்ற அளவு போதும். புகார் அளிக்கும்போது இந்த வரிகள் கைகொடுக்கும். அதைவிட முக்கியமாக, உங்களை அழைப்பவர்கள் யார் என்பது ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். பெயரைச் சொல்லி, கேட்ட கேள்விக்குப் பதில் தருபவர்கள் ஒரு வகை. பெயரைக் கேட்டதும் நழுவுபவர்கள் இன்னொரு வகை. கீழே வரும் படிகளில் சில முதல் வகையிடம் மட்டும் பலிக்கும், சில இரண்டாம் வகைக்கு மட்டும் தேவைப்படும். பெரும்பாலோர் இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல், ஒரே மருந்தை இருவருக்கும் கொடுத்துவிட்டு ஒன்றுமே பலிக்கவில்லை என்று அலுத்துக்கொள்கிறார்கள்.

இரண்டாம் படி: சரியான வாக்கியத்தைச் சொல்லுங்கள்

ஒவ்வொரு அழைப்பும் முடிந்தவுடன், அதன் விளைவு என்ன என்பதை ஊழியர் தம் கணினித் திரையில் ஒரு பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கிறார். நீங்கள் பேசியது எத்தனை நீளமாக இருந்தாலும், அங்கே போய்ச் சேர்வது அந்த ஒரு தேர்வுதான். "இப்போது வேலையாக இருக்கிறேன்" என்று நீங்கள் நாகரிகமாகச் சொன்னால், அவர் 'மீண்டும் அழைக்கவும்' என்பதைத் தேர்ந்தெடுப்பார். அது உங்கள் எண்ணுக்கு நீங்களே வைத்துக்கொண்ட அலாரம். "வீட்டுக்காரர் வந்ததும் பேசுங்கள்" என்பதும் அப்படித்தான். "எனக்கு வேண்டாம்" என்றால் 'விருப்பமில்லை' என்று பதிவாகும். சில வாரங்கள் கழித்து வேறொரு விற்பனைக்கு அதே எண் மறுபடியும் பட்டியலில் ஏறலாம். திட்டினாலும் பெரும்பாலும் இதே பதிவுதான் விழும், கூடவே நமக்குத் தலைவலி.

நீங்கள் சொல்ல வேண்டியது இதுதான்: "என் எண்ணை உங்கள் அழைப்புப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள், இனி அழைக்க வேண்டாம்." விற்பனை மையங்களில் இதற்கெனத் தனிப் பதிவு இருக்கிறது, அமெரிக்கா, கனடா உட்படப் பல நாடுகளில் இந்த வேண்டுகோளை நிறுவனம் ஏற்றே ஆக வேண்டும். சொன்ன பிறகு நிறுவனத்தின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிடுங்கள். காரணம் சொல்லாதீர்கள். காரணம் சொன்னால், ஒவ்வொரு காரணத்துக்கும் என்ன பதில் சொல்ல வேண்டும் என்பது அவர் முன்னால் அச்சடித்துத் தயாராக இருக்கும்.

மூன்றாம் படி: நாட்டின் 'அழைக்காதே' பதிவேட்டில் சேருங்கள்

விற்பனை அழைப்பு வேண்டாம் என்று பதிவு செய்துகொள்ளும் வசதி பல நாடுகளில் இலவசமாக உண்டு. இந்தியாவில் 1909 என்ற எண்ணை அழைத்துப் பதிவு செய்யலாம். எல்லா விளம்பரங்களையும் மறுக்கலாம், அல்லது வங்கி, நிலம் வீடு, கல்வி என்று துறைவாரியாகத் தேர்ந்தெடுத்தும் மறுக்கலாம். அங்கே பதிவு பெற்ற விற்பனையாளர்களுக்கு 140 என்று தொடங்கும் எண்கள் ஒதுக்கப்பட்டிருப்பதால், எடுப்பதற்கு முன்பே அடையாளம் தெரிந்துவிடும். அமெரிக்கப் பதிவேடு 2003-இலும், கனடாவினுடையது 2008-இலும், சிங்கப்பூரினுடையது 2014-இலும் நடைமுறைக்கு வந்தன. சிங்கப்பூரில் குரல் அழைப்பு, குறுஞ்செய்தி, தொலைநகல் ஆகிய மூன்றுக்கும் தனித்தனிப் பதிவேடுகள் உண்டு. ஒன்றில் மட்டும் சேர்ந்துவிட்டு மற்றதை மறந்துவிடக் கூடாது.

பதிவு செய்த மறுநாளே மணி ஓய்ந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். பிரிட்டனில் முழுப் பயன் தெரிய 28 நாள் வரை ஆகலாம். அமெரிக்காவில் பதிந்து 31 நாள் கடந்த பின்னர் வரும் விற்பனை அழைப்பு குறித்துத்தான் அந்தப் பதிவேட்டின் பெயரால் புகார் அளிக்க முடியும். எல்லா அழைப்புக்கும் இது தடையும் அல்ல. அமெரிக்காவில் அரசியல் அழைப்புகள், கருத்துக் கணிப்புகள், அறக்கட்டளைகள் ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. நீங்கள் ஏற்கெனவே வாடிக்கையாளராக இருக்கும் நிறுவனத்துக்கும் ஓரளவு விலக்கு உண்டு. கடைசியாகச் சொன்ன இந்த நிறுவனங்களிடம்தான் இரண்டாம் படியின் வாக்கியம் மிகவும் தேவைப்படும்.

நான்காம் படி: தொலைபேசியையே காவலுக்கு வையுங்கள்

இதுவரை சொன்னவை விதிக்குக் கட்டுப்படுகிறவர்களுக்கு. பதிவேட்டைச் சட்டை செய்யாதவர்களுக்குக் கருவிதான் பதில் சொல்ல வேண்டும். ஐபோனில் 2019 முதல், தொடர்புப் பட்டியலில் இல்லாத எண்களை ஒலிக்கவிடாமல் குரலஞ்சலுக்கு அனுப்பும் வசதி அமைப்புகளில் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் கூகுளின் தொலைபேசிச் செயலி, சந்தேகத்துக்குரிய அழைப்புகளை 'ஸ்பேம்' என்று காட்டும். அவற்றை வடிகட்டவும் செய்யும். மருத்துவமனையிலிருந்தோ பள்ளியிலிருந்தோ அழைப்பு எதிர்பார்க்கும் நாட்களில் இவற்றை அணைத்து வையுங்கள், அல்லது அந்த எண்களை முன்கூட்டியே சேமித்து வையுங்கள்.

வீட்டின் தரைவழித் தொலைபேசிக்கு, அழைப்பவர் எண்ணைக் காட்டும் வசதியும் பதிலளிக்கும் கருவியும் இருந்தால் போதும். எண்ணை மறைத்து வரும் அழைப்புகளை நிராகரிக்கும் சேவை உண்டா என்று உங்கள் சேவை நிறுவனத்தைக் கேளுங்கள். பல நிறுவனங்கள் தருகின்றன.

வந்த எண்களை ஒவ்வொன்றாகத் தடை செய்வதில் மட்டும் அதிக நேரத்தைச் செலவிடாதீர்கள். திரையில் தெரியும் எண்ணைப் போலியாக மாற்றிக் காட்டுவது ஏமாற்றுக்காரர்களுக்கு எளிது. உங்கள் எண்ணின் முதல் சில இலக்கங்களையே அவர்களும் சூட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டார்போல வருவார்கள். நீங்கள் தடை செய்த எண் உண்மையில் ஒன்றுமறியாத வேறொருவருடையதாக இருக்கக்கூடும். எண் உண்மையானதுதானா என்று இணைப்பு நிறுவனங்களே சரிபார்க்கும் முறையை அமெரிக்காவும் கனடாவும் 2021-இல் கட்டாயமாக்கின. அதன் பிறகும் போலி எண்கள் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை.

ஐந்தாம் படி: பதிவு செய்யப்பட்ட குரலிடம் எதையும் அழுத்தாதீர்கள்

"பட்டியலிலிருந்து நீங்க 9-ஐ அழுத்தவும்" என்று முன்பின் தெரியாத பதிவுக் குரல் சொன்னால், அதை நம்பி அழுத்துவது பெரும்பாலும் எதிர்விளைவையே தரும். அழுத்திய கணத்தில், இந்த எண்ணை ஓர் உயிருள்ள மனிதர் எடுக்கிறார், சொன்னதைக் கேட்கவும் செய்கிறார் என்பது மறுமுனைக்கு உறுதியாகிவிடும். பேசாமல் வைத்துவிடுங்கள். ஒரே ஒரு முறை ஒலித்து நின்றுபோகும் வெளிநாட்டு எண்களைத் திரும்ப அழைக்காதீர்கள். ஜப்பானிய மொழியில் 'ஒரு மணி, பிறகு துண்டிப்பு' என்று பொருள்படும் 'வாங்கிரி' என்ற பெயரே இந்த மோசடிக்கு நிலைத்துவிட்டது. திரும்ப அழைத்தால் நிமிடத்துக்கு உயர்ந்த கட்டணம் பிடிக்கும் எண்ணில் போய் விழுவீர்கள்.

வங்கி என்றோ காவல்துறை என்றோ சொல்லிக்கொண்டு ஓடிபி, கடவுச்சொல், அட்டை எண் கேட்பவரிடம் இரண்டாம் படியின் வாக்கியம்கூட வேண்டாம். அவரிடம் பட்டியலில் நீக்கும் பொத்தானே கிடையாது. வைத்துவிட்டு, அட்டையின் பின்புறமோ வங்கிக் கணக்குப் புத்தகத்திலோ அச்சிட்டிருக்கும் எண்ணை நீங்களாகவே அழைத்து விசாரியுங்கள். வீட்டில் முதியவர்கள் இருந்தால் இதை அவர்களுடன் ஒருமுறை ஒத்திகை பார்த்துவிடுவது நல்லது. பேசிக்கொண்டிருப்பவரின் முகத்தில் அடித்தாற்போலத் தொலைபேசியை வைப்பது அவர்களுக்குப் பழக்கமில்லை. "என் பிள்ளையைக் கேட்டுச் சொல்கிறேன், வைக்கிறேன்" என்ற வாக்கியத்தைக் கொடுத்தால் சங்கடமின்றிச் சொல்லுவார்கள். மறுபடி அழைப்பு வரத்தான் செய்யும், ஆனால் பணம் போகாது.

ஆறாம் படி: புகாரும் கசிவும்

விதியை மீறியவர் மீது, அந்தந்த நாட்டுப் பதிவேட்டின் இணையதளத்திலோ எண்ணிலோ புகார் செய்யுங்கள். நோட்டுப் புத்தகத்தின் வரி இங்கே பயன்படும்: தேதி, நேரம், எண், சொன்ன செய்தி. தாமதிக்காமல் அளியுங்கள், புகாருக்குக் கால வரம்பு வைத்திருக்கும் நாடுகள் உண்டு.

இத்தனைக்கும் எண் அவர்களுக்குக் கிடைப்பது எப்படி? என் கதையைச் சொல்கிறேன். ஒரு கண்காட்சியில் குலுக்கல் பரிசுக்கென்று நீட்டப்பட்ட சீட்டில் பெயரையும் எண்ணையும் நானே அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். பரிசு வரவில்லை. எட்டு மாதங்கள் அழைப்புகள் வந்தன. பிறகு அதே போன்ற ஒரு சீட்டை நிதானமாக வாசித்தபோதுதான், "எங்கள் கூட்டாளி நிறுவனங்கள் தொடர்புகொள்ளச் சம்மதிக்கிறேன்" என்ற வரி அடியில் பொடி எழுத்தில் இருப்பதைக் கண்டேன். இணையப் படிவங்களில் அந்த வரிக்கு முன்னால், ஏற்கெனவே டிக் போட்ட ஒரு சிறு கட்டம் இருக்கும். அந்த டிக்கை எடுத்துவிட்ட பிறகே 'சமர்ப்பி' என்பதை அழுத்துங்கள். எண் கட்டாயமில்லாத இடத்தில் அதை எழுதவே எழுதாதீர்கள்.