போட்ட தையலைத் துணி கிழியாமல் பிரிப்பது எப்படி?

ஒட்டுத்துணி விரிப்பு ஒன்றுக்காகத் துண்டுகளை இணைத்துக்கொண்டிருந்தபோது, ஒரு வரிசை முழுவதையும் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டேன். அதைப் பிரிக்கப் போய்த் துணியையும் சேர்த்துக் கிழித்த பிறகுதான், தையல் பிரிக்கும் சிறு கருவியான சீம் ரிப்பரைப் பிடிக்கவே எனக்குத் தெரியவில்லை என்பது விளங்கியது.

அதன் முனை இரு கவைகளாகப் பிரிந்திருக்கும். நீண்ட கவை ஊசிபோல் கூர்மையானது. குட்டைக் கவையின் நுனியில் ஒரு சிறு பிளாஸ்டிக் குமிழ் இருக்கும். நூலை அறுப்பது கூர்முனையன்று. இரு கவைகளும் சேருமிடத்தில் உள்ள வளைவுதான்.

முதலில் துணியை மேசைமீது பரப்பி, பிரிக்க வேண்டிய தையலின் தொடக்கத்தையும் முடிவையும் சாக்கால் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, எந்தப் பக்கத்து நூலை அறுப்பது என்று முடிவுசெய்யுங்கள். ஊசியில் கோத்த மேல்நூலும் அடியிலிருந்து வரும் பாபின் நூலும் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு நிற்பதால், ஒரு பக்கத்து நூலை ஆங்காங்கே அறுத்தாலே மறுபக்கத்து நூல் பிடிப்பை இழந்துவிடும். இரண்டில் எது தளர்ந்து கிடக்கிறதோ அதை அறுப்பதே நல்லது. கூர்முனை அதனடியில் எளிதாக நுழையும், இறுகிய நூலோ நேராகக் கிடப்பதால் இழுத்தவுடன் வந்துவிடும்.

கூர்முனையைத் தையலுக்கடியில் செருகி, கருவியைத் துணியோடு படுத்தவாறு வைத்து, நூல் வளைவில் படும்வரை தள்ளி, சற்றே மேல்நோக்கித் தூக்குங்கள். நான்கு தையலுக்கு ஒன்றை அறுத்தால் போதும், 2.5 மி.மீ. நீளத் தையலில் அது ஏறத்தாழ 1 செ.மீ. இடைவெளியாக அமையும். பிறகு துணியைத் திருப்பிப் போட்டு, மறுபக்கத்து நூலின் நுனியைப் பிடித்து இழுங்கள். எங்கேனும் சிக்கினால் வலிந்து இழுக்காமல், அந்த இடத்தில் இன்னொரு தையலை அறுத்துவிடுங்கள். முன்னும் பின்னும் ஓட்டிக் கெட்டிப்படுத்திய முனைகளில் நூல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடப்பதால் ஒவ்வொரு தையலாகத்தான் அறுத்தாக வேண்டும். அவற்றைக் கடைசிக்கு விட்டுவிட்டு நடுவிலிருந்து தொடங்குவதே என் வழக்கம்.

நான் சறுக்கியது விரைவான முறையில். இரண்டு துணிகளையும் விலக்கிப் பிடித்துக்கொண்டு, நடுவே தெரியும் நூல்களை வளைவால் ஒரே ஓட்டமாக அறுத்துச் செல்வது அது. அப்போது குமிழ் கீழே, துணியின்மேல் வழுக்கிச் செல்ல வேண்டும். கூர்முனை மேலே இருக்க வேண்டும். குமிழ் வெறும் அழகுக்கென்று எண்ணி, நான் கூர்முனையைக் கீழே வைத்துத் தள்ளினேன். இரண்டு அங்குலம் சென்றதும் அது துணிக்குள் இறங்கி, இழைகளைக் கிழித்துக்கொண்டே போயிற்று. இப்போது சரியாகப் பிடிக்கத் தெரிந்தாலும், ஜீன்ஸ் போன்ற தடித்த துணிக்கு மட்டுமே இம்முறையைப் பயன்படுத்துகிறேன். கிராஸாக, அதாவது இழைக்குச் சாய்வாக வெட்டிய துண்டுகள் விலக்கிப் பிடிக்கும்போதே இழுபட்டு உருமாறிவிடும் என்பதால், விரிப்பு வேலைக்கு இது கூடவே கூடாது.

பிரித்து முடித்ததும் மிச்ச நூல்துணுக்குகளை ஒட்டும் நாடாவால் ஒற்றியெடுத்து, நீராவி இஸ்திரி போட்டால், பருத்தித் துணியில் ஊசித்துளைகள் பெரும்பாலும் மூடிக்கொள்ளும். தோலிலும் ரெக்சினிலும் அவை மூடாதாகையால், புதிய தையலைப் பழைய துளைகளின் மேலேயே ஓட்டப் பாருங்கள்.

கருவியைப் பொறுத்தவரை, இயந்திரத்தோடு வரும் குட்டையானதை நான் விரும்புவதில்லை. பத்து நிமிடத்தில் விரல் வலிக்கும். தடித்த பிடியும் மெல்லிய முனையும் உள்ளதை வாங்குங்கள். நூல் தானாக அறுபடாமல் இழுத்து அறுக்க வேண்டிவந்தால் வளைவு மழுங்கிவிட்டது என்று பொருள், தயங்காமல் மாற்றிவிடுங்கள்.

பின்சேர்க்கை: துணியின் விளிம்பு பிரியாமலிருக்கப் போடும் ஓவர்லாக் தையலைப் பிரிப்பது பற்றிச் சிலர் கேட்டிருந்தார்கள். விளிம்பைச் சுற்றி வரும் நூல்களோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். நேராக ஓடும் ஊசிநூல்களை மட்டும் ஆங்காங்கே அறுத்து உருவிவிட்டால், மற்றவை தாமாகக் கழன்று விழும். காஜாத் துளையைத் திறக்கும்போது, அதன் முடிவில் உள்ள கெட்டித் தையலுக்குச் சற்று முன்பாகக் குறுக்கே ஒரு குண்டூசியைக் குத்திவைத்தால், சீம் ரிப்பர் அதைத் தாண்டி ஓடாது.