பழைய பிக்கப்பில் எஞ்சின் மிஸ்ஸிங்: பாகம் வாங்கும் முன் பழுதை இடம் மாற்றிப் பாருங்கள்

செக் எஞ்சின் விளக்கு எரிந்து, சிக்னலில் நிற்கும்போது வண்டி உதறத் தொடங்கினால் (ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாத இந்தப் பழுதைத்தான் மிஸ்ஸிங் என்கிறோம்), பலர் செய்யும் முதல் வேலை எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் அவற்றுக்குப் பொறி மின்சாரம் தரும் எல்லா இக்னிஷன் காயில்களையும் ஒரே மூச்சில் மாற்றுவது. சில நேரம் உதறல் நின்றுவிடும். எது கெட்டிருந்தது என்பது மட்டும் கடைசிவரை தெரியாது. என் 2004 சில்வராடோவுக்கு ஒரு பட்டறையில் எட்டு காயில்களையும் மாற்றச் சொன்னார்கள். வீட்டு வாசலில் நிறுத்திச் சோதித்ததில், கெட்டிருந்தது ஒரே ஒரு பிளக் ஒயர்.

1999 முதல் 2007 வரை வந்த ஷெவர்லே சில்வராடோ, ஜி.எம்.சி. சியரா பிக்கப்களில் உள்ள பழைய 5.3 லிட்டர் வி8 எஞ்சினை வைத்தே எழுதுகிறேன். வீட்டில் பழுது பார்க்க இதைவிட வசதியான எஞ்சின் எனக்குத் தெரியாது. பொறி மின்சாரத்தை ஒரே இடத்திலிருந்து எல்லாச் சிலிண்டர்களுக்கும் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் இதில் கிடையாது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில். எட்டும் வால்வு கவரின் மேலேயே வரிசையாக நிற்கின்றன. அங்கிருந்து பிளக்குக்கு ஒரு குட்டை ஒயர். மூன்று பாகங்களையும் கையால் எட்டிப் பிடிக்கலாம், ஒன்றோடொன்று மாற்றியும் போடலாம்.

கருவிகளில் ஸ்கேனருக்கு மட்டும் கொஞ்சம் தாராளமாகச் செலவழியுங்கள். கோடு (code), அதாவது வண்டியின் கணினி பதியும் பழுது எண்ணை மட்டும் காட்டும் மலிவான ரீடர் இந்த வேலைக்குப் போதாது. வண்டி ஓடும்போதே எண்களைக் காட்டுவதாகவும், தயாரிப்பு நிறுவனத்தின் தனித் தரவுகளைப் படிப்பதாகவும் இருக்க வேண்டும். ஜி.எம். வண்டிகளில் எந்தச் சிலிண்டர் எத்தனை முறை மிஸ் ஆனது என்று தனித்தனியாக எண்ணிக்கை கிடைக்கும். அதைப் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்ததுபோல்தான். இத்துடன் 5/8 அங்குல பிளக் சாக்கெட், நீட்டிப்புக் கம்பிகள், டார்க் ரெஞ்ச், மல்டிமீட்டர் இருந்தால் போதும்.

படி 1: கோடைப் படியுங்கள், அழிக்காதீர்கள்

அமெரிக்காவில் 1996 முதல் விற்ற இலகுரக பிக்கப்களில் ஸ்கேனரை மாட்டும் ஓ.பி.டி.-2 இணைப்பு இருக்கிறது. பி0300 என்றால் பல சிலிண்டர்களில் மாறி மாறி மிஸ்ஸிங். பி0301 முதல் பி0308 வரை என்றால் கடைசி எண்தான் சிலிண்டர். கோடு பதிவான நொடியில் எஞ்சின் எந்த வேகத்தில், எந்தச் சூட்டில், எவ்வளவு சுமையில் இருந்தது என்பதும் உள்ளே சேமிக்கப்பட்டிருக்கும். கோடை அழித்தால் அதுவும் போய்விடும். முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

விளக்கு விட்டுவிட்டு மின்னினால் வண்டியை ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேடலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்து, அதை உருக்கிவிடும். மிஸ்ஸிங்கைச் சரிசெய்யும் செலவைவிட அதன் விலை பல மடங்கு.

படி 2: சிலிண்டர் எண்ணை உறுதிசெய்யுங்கள்

அதிகம் பேர் இடறுவது இங்கேதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். இந்த எஞ்சினில் ஓட்டுநர் பக்கம் முன்னிருந்து பின்னாக 1, 3, 5, 7. பயணி பக்கம் 2, 4, 6, 8. இடம், வலம் என்பதெல்லாம் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து முன்னே பார்ப்பவருடைய கணக்கு. நீங்களோ பம்பருக்கு முன்னால் நின்று, எஞ்சினை எதிர்கொண்டு குனிகிறீர்கள். அப்போது ஓட்டுநர் பக்கம் உங்கள் வலக்கைப் பக்கம் வந்துவிடும். 5 என்று நினைத்து 6-இன் காயிலைக் கழற்றினால், அதன் பிறகு செய்யும் எல்லாச் சோதனையும் பொய் சொல்லும்.

வெள்ளை மார்க்கரால் ஒவ்வொரு காயிலின் மேலும் எண்ணை எழுதிவிடுங்கள். வெடிக்கும் வரிசை 1-8-7-2-6-5-4-3 என்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அது எரியும் ஒழுங்கு. சிலிண்டர்கள் நிற்கும் ஒழுங்கு வேறு.

படி 3: மூன்றையும் மூன்று இடங்களுக்கு மாற்றுங்கள்

எஞ்சின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். சிலிண்டர் தலை அலுமினியம். சூட்டில் பிளக்கைத் திருகினால் மரை கெடும்.

பி0305 வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 5-இன் காயிலை 3-க்கும், ஒயரை 1-க்கும், பிளக்கை 7-க்கும் கொடுங்கள். அந்த மூன்று சிலிண்டர்களிலிருந்து எடுத்தவை 5-க்கு வரட்டும். என்ன எங்கே போனது என்பதைத் தாளில் எழுதிவிட்டு, கோடை அழித்து, வண்டியை ஓட்டிப் பாருங்கள்.

இனி கோடே பதில் சொல்லும். பி0303 வந்தால் காயில். பி0301 வந்தால் ஒயர். பி0307 வந்தால் பிளக். 1, 7 இரண்டும் வந்தால் ஒயரும் பிளக்கும் சேர்ந்தே கெட்டிருக்கின்றன. மறுபடியும் 5-தான் என்றால் இந்த மூன்றும் குற்றமற்றவை. இன்ஜெக்டர் (பெட்ரோலைப் பீய்ச்சும் பாகம்), கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்), காயிலுக்கு வரும் மின் இணைப்பு ஆகியவற்றின் பக்கம் போக வேண்டும். இத்தனையையும் தெரிந்துகொள்ள இதுவரை ஒரு பைசாவும் செலவாகவில்லை.

ஒயரைக் கழற்றும்போது கம்பிப் பகுதியைப் பிடித்து இழுக்காதீர்கள். பிளக் முனையில் உள்ள ரப்பர் உறையைப் பிடித்து, முதலில் அரைச் சுற்றுத் திருப்பி, ஒட்டு விட்டபின் இழுங்கள். வருடக்கணக்கில் சூட்டில் இருந்த ரப்பர் பீங்கானோடு ஒட்டிக்கிடக்கும். எஞ்சின் ஓடும்போது ஒயரை உருவிப் பார்ப்பது பழைய பழக்கம். இந்த எஞ்சினில் அது வேண்டவே வேண்டாம். கையிலும் அடிக்கும், காயிலும் கெடும். ஒரு சிலிண்டர் வேலை செய்கிறதா என்று உடனே பார்க்க, அதன் இன்ஜெக்டர் இணைப்பை ஒரு கணம் கழற்றினால் போதும். நல்ல சிலிண்டர் என்றால் எஞ்சின் தடுமாறும். ஏற்கெனவே செத்த சிலிண்டர் என்றால் ஓசையில் மாற்றமே இருக்காது.

படி 4: கழற்றிய பிளக்கை வெளிச்சத்தில் பாருங்கள்

காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். பெட்ரோலில் நனைந்திருந்தால் பொறி வரவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல். மற்ற ஏழும் பழுப்பாக இருக்க, ஒன்று மட்டும் கழுவி வைத்ததுபோல் வெளுத்திருந்தால் கூலன்ட் உள்ளே போகிறது. ரேடியேட்டரில் அளவு குறைகிறதா என்று பாருங்கள்.

பலர் பார்க்காமல் விடுவது வெள்ளைப் பீங்கானின் வெளிப்புறம். அதன்மேல் நீளவாக்கில் பென்சிலால் கிழித்ததுபோல் ஒரு மெல்லிய கரிக்கோடு இருக்கும். துணியால் துடைத்தாலும் போகாது. பொறி உள்ளே பாயாமல் வெளிப்புறமாக உலோகத்துக்குத் தாவிய தடம் அது. அந்த ரப்பர் உறையை டார்ச் அடித்து உள்ளே பார்த்தால், அதே இடத்தில் வெளிறிய கீறல் ஒன்று தெரியும். என் வண்டியில் பழுதைக் காட்டிக்கொடுத்தது இந்த இரண்டும்தான். கரி மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் ஒன்றை மட்டும் மாற்றிப் பயனில்லை. பழைய பிளக் புது ஒயரையும் கெடுக்கும். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். புது பிளக்கின் இடைவெளி 1 மி.மீ., அதாவது 0.040 அங்குலம். இறுக்கம் 15 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் இல்லாமல் அலுமினியத்தில் பிளக் மாட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

படி 5: காற்றும் பெட்ரோலும்

பி0300 மட்டும் வந்தால், அல்லது படி 3-க்குப் பிறகும் பழுது நகரவில்லை என்றால், ஸ்கேனரில் ஃப்யூயல் ட்ரிம் எண்களை, அதாவது கணினி பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்று காட்டும் சதவீதங்களைப் பாருங்கள். சும்மா நிற்கும்போது +20 போல உயர்ந்து, 2,500 சுற்றில் பூஜ்யத்தை நெருங்கினால் எங்கோ வேக்குவம் கசிகிறது, அதாவது கணக்கில் வராத காற்று எஞ்சினுக்குள் நுழைகிறது. சுமை ஏற ஏற உயர்ந்தால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர் பக்கம் சந்தேகப்படுங்கள். ஓர் எச்சரிக்கை: பொறியே வராத சிலிண்டர் எரியாத காற்றைச் சைலன்சருக்குள் தள்ளும். ஆக்சிஜன் சென்சார் அதைப் பெட்ரோல் பற்றாக்குறை என்று எடுத்துக்கொண்டு ட்ரிம்மை ஏற்றிவிடும். ஆகவே பொறியைச் சோதித்து முடித்த பிறகே இந்த எண்களை நம்புங்கள்.

இன்ஜெக்டரை இடம் மாற்ற ஃப்யூயல் ரெயிலைக் கழற்ற வேண்டும். அதற்குமுன் மல்டிமீட்டரில் எட்டையும் அளந்து ஒப்பிடுங்கள். சுமார் 12 ஓம் இருக்கும். எட்டும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்பதே முக்கியம். நீண்ட ஸ்க்ரூடிரைவரின் நுனியை இன்ஜெக்டரில் வைத்து, கைப்பிடியைக் காதோடு வைத்தால் டிக் டிக் என்று கேட்க வேண்டும்.

படி 6: கம்ப்ரஷன்

எல்லா பிளக்குகளையும் கழற்றி, பெட்ரோல் பம்ப் ரிலேயையும் காயில்களின் இணைப்புகளையும் எடுத்துவிட்டு, த்ராட்டிலை முழுவதும் திறந்து, ஒவ்வொரு சிலிண்டரையும் நான்கைந்து சுற்று சுற்றவிட்டு அளவு எடுங்கள். 100 பி.எஸ்.ஐ.க்குக் கீழே எதுவும் இருக்கக் கூடாது. மிகக் குறைந்தது மிக உயர்ந்ததில் 70 சதவீதமாவது இருக்க வேண்டும். குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி எடுத்தால் அளவு ஏறுகிறதா? ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறவில்லையா? வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்தால் கேஸ்கெட்தான் முதல் சந்தேகம். இதற்குமேல் வாசலில் செய்யும் வேலை இல்லை.

பின்சேர்க்கை

ஃபோர்டு எஃப்-150 வைத்திருப்பவர்கள் கேட்டதால் இது. அதன் வி8 எஞ்சின்களில் எண் முறையே வேறு: பயணி பக்கம் முன்னிருந்து 1, 2, 3, 4, ஓட்டுநர் பக்கம் 5, 6, 7, 8. மேலே சொன்னதை அப்படியே பயன்படுத்தாதீர்கள். 2004 முதல் வந்த மூன்று வால்வு 5.4 எஞ்சினில் பிளக் கழற்றும்போது பாதியாக உடைந்து உள்ளே நின்றுவிடுவது பரவலாக அறிந்த சங்கதி. அதில் பிளக்கைத் தொடாமல், காயிலை மட்டும் மாற்றிப் பார்ப்பதோடு முதல் சோதனையை நிறுத்திக்கொள்ளுங்கள்.

குளிர்காலக் காலையில் மட்டும் உதறி, சூடேறியதும் சரியாகிவிடுகிறது என்று எழுதியவர்களுக்கு: 5.3-இல் இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கெட்டைப் பாருங்கள். வயதான ரப்பர் குளிரில் சுருங்கிக் காற்றை விடும். சூட்டில் விரிந்து அடைத்துக்கொள்ளும். அதனால் குளிர்ந்த எஞ்சினை இயக்கிய முதல் சில நிமிடங்களிலேயே ட்ரிம் எண்களைப் பதிவுசெய்ய வேண்டும்.

பழைய இரும்புக் கடையில் காயில் வாங்குகிறவர்கள் கழற்றியதைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். இந்த எஞ்சின்களில் உருண்டை, சதுரம் என இரு வடிவக் காயில்கள் வந்தன. ஒன்றின் தாங்கியில் மற்றது உட்காராது.