கேமராவுக்கு நான்கு வாரம் ஓய்வு: வெறுங்கையுடன் காட்டுப்பாதையில் நடப்பது எப்படி?

சிங்கப்பூரின் மெக்ரிட்சி நீர்த்தேக்கக் காட்டில் சோலைபாடியை எத்தனையோ முறை படம் எடுத்திருக்கிறேன். கருநீல முதுகு, செம்பழுப்பு வயிறு, நீண்ட வால். அந்தப் படங்களைப் பார்த்த அண்ணன் மகள், “சித்தப்பா, இது எப்படிப் பாடும்?” என்று கேட்டாள். பாட்டுக்காகவே அப்பெயர் பெற்ற பறவை அது. எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றிரவே கேமராவைப் பூட்டிவைத்தேன். அதற்குப் பிறகு நான் பின்பற்றிய முறையை இங்கே எழுதுகிறேன். படம் எடுப்பதில் சலிப்புத் தட்டிய யாருக்கும் இது உதவும்.

முதல் படி: கேமராவை ஒழுங்காகப் பூட்டிவையுங்கள்

இதில் அவசரம் கூடாது. சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டைத் தாண்டியே இருக்கிறது. கேமராவைப் பைக்குள்ளேயே விட்டால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். என் லென்ஸ் ஒன்று அப்படித்தான் போனது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது, கண்ணாடியின் விளிம்பிலிருந்து சிலந்தி நூலைப் போல வெண்மையாகக் கிளைவிட்டு ஓடியிருந்தது. உட்புறக் கண்ணாடியில் படர்ந்ததைத் துணியால் துடைக்க வழியில்லை.

படங்களைக் கணினிக்கு மாற்றிவிட்டு, பேட்டரியைக் கழற்றுங்கள். லித்தியம் அயன் பேட்டரி முழுதாக நிரம்பியோ அடியோடு தீர்ந்தோ நெடுநாள் கிடந்தால் அதன் திறன் குறையும். பாதி அளவு மின்னூட்டத்தில் வைப்பது நல்லது. கேமராவையும் லென்ஸையும் உலர்ந்த மென்துணியால் துடைத்து, டிரை கேபினட்டில் (ஈரப்பதத்தைக் குறைத்து வைக்கும் அலமாரி) 40 முதல் 50 விழுக்காட்டு ஈரப்பதத்தில் வையுங்கள். அது இல்லையென்றால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியும் ஈரத்தை உறிஞ்சி நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லும் போதும். வாரம் ஒருமுறை ஜெல்லின் நிறத்தைப் பாருங்கள். மாறியிருந்தால் புதியதைப் போடுங்கள்.

இரண்டாம் படி: கெடுவைக் குறியுங்கள்

நான்கு வாரம் என்று நாட்காட்டியில் எழுதுங்கள். கைப்பேசியும் இந்தக் கணக்கில் சேரும். அவசரத்துக்கு அது உடன் இருக்கட்டும், ஆனால் பைக்குள் இருக்கட்டும்.

மூன்றாம் படி: ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போங்கள்

வாரம் ஓர் இடம் என்று அலைய வேண்டாம். நான் தேர்ந்தெடுத்தது சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகம். காலை 7 மணிக்குத் திறக்கிறார்கள், கட்டணம் இல்லை. கிராஞ்சி ரயில் நிலையத்திலிருந்து பஸ்ஸில் போகலாம். செப்டம்பர் முதல் மார்ச் வரை வடக்கிலிருந்து வலசைப் பறவைகள் வரும். நம் கோடியக்கரையிலும் குளிர்காலத்தைக் கழிக்கும் பவளக்காலி இங்கேயும் சிவந்த கால்களுடன் சேற்றைக் கொத்திக்கொண்டிருப்பதைக் கண்டபோது ஊர்க்காரரைப் பார்த்ததுபோல மகிழ்ந்தேன். கிளம்புமுன் கடல்நீர் ஏறி வற்றும் நேரத்தை இணையத்தில் பாருங்கள். வற்றும்போது பறவைகள் சேற்றில் இரை தேடும். ஏறும்போது காப்பகத்தின் குளங்களில் கூட்டமாக ஒதுங்கும். அங்கே முதலைகளும் உண்டு, ஆகவே பாதையைவிட்டு இறங்காதீர்கள். எந்த விலங்குக்கும் தீனி போடாதீர்கள். அது சட்டப்படி குற்றம்.

நான்காம் படி: இருபது நிமிடம் அசையாமல் நில்லுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இதுதான். அலையாத்திக் காட்டின் பலகைப் பாதையில் நின்று கீழே பாருங்கள். முதலில் வெறும் சேறுதான் தெரியும். உங்கள் காலடி அதிர்வு அடங்கிய பிறகு, நண்டுகள் வளையிலிருந்து ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்கும். அதன்பின் சேற்றின் நிறத்திலேயே ஒரு மட்ஸ்கிப்பர், முன்துடுப்புகளை ஊன்றி நகர்ந்து வரும். ஈரத் தோலின் வழியாகவும் மூச்சுவிடும் மீன் என்பதால் அவ்வப்போது சிறு குட்டையில் புரண்டு உடம்பை நனைத்துக்கொள்ளும். தலைக்கு மேல் துருத்தி நிற்கும் கண்களைக் குழிக்குள் இழுத்து, நனைத்து, மறுபடி வெளியே விடும். கண்ணை உள்ளே இழுத்த படங்களையெல்லாம் பழுதானவை என்று இத்தனை நாளும் அழித்துக்கொண்டிருந்தேன்!

ஐந்தாம் படி: கேட்டதை எழுதுங்கள்

சட்டைப்பையில் அடங்கும் நோட்டும் பென்சிலும் போதும். மழையில் பேனா மை கரைந்துவிடும். பெயர் தெரியாத பறவையென்றால் குரலை எழுத்தாக்குங்கள்: ‘மூன்று முறை சீழ்க்கை, பிறகு இழுவை’. கடைசி வாரம் மட்டும் இடம் மாறி, விடியும் நேரத்தில் மெக்ரிட்சிக்குப் போனேன். மரத்தடி இருட்டிலிருந்து சோலைபாடி பாடியது. ஒரே மெட்டைத் திரும்பப் பாடுவதில்லை அது. ஒவ்வொரு அடியையும் மாற்றி மாற்றி, இடையிடையே நிறுத்திப் பாடியது. நோட்டில் ஒன்றரைப் பக்கம் நிறைந்தது.

ஐந்தாவது வாரம் கேமராவை எடுக்கலாம். முந்தைய இரவே பேட்டரியை நிரப்பி, லென்ஸை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். காட்டில் போய் நின்றதும் நோட்டில் குறைந்தது மூன்று வரி எழுதுங்கள். பிறகு பையைத் திறங்கள்.