நாற்று சாய்ந்துவிட்டதா? முதலில் தண்ணீர்க் குவளையைக் கீழே வையுங்கள்

வீட்டுக்குள் விதை போட்டால், முளைத்த நாலைந்து நாள் வரை எல்லாம் அழகாகத்தான் இருக்கும். அப்புறம் ஒரு காலையில் எழுந்து பார்த்தால் தக்காளி நாற்று மண்ணில் படுத்துக் கிடக்கும். ஐயோ, தாகம் போல என்று நாம் ஒரு குவளை தண்ணீரை ஊற்றுவோம். நான் அப்படி ஊற்றி ஊற்றியே ஒரு தட்டு நாற்றை முழுசாகக் கொன்றிருக்கிறேன்.

ஊற்றும் முன் குனிந்து, தண்டு மண்ணைத் தொடும் இடத்தைப் பாருங்கள். அந்த இடம் மட்டும் பழுப்பாகி, நூல் மாதிரி மெலிந்து, விரலால் தொட்டால் கொழகொழவென்று இருந்தால் அது தாகம் இல்லை, நாற்றழுகல் நோய். பித்தியம், ரைசோக்டோனியா மாதிரி ஈர மண்ணில் செழிக்கும் நுண்ணுயிர்கள் செய்கிற வேலை இது. விழுந்த நாற்று இனி எழாது. அதை மண்ணோடு எடுத்துப் போட்டுவிட்டு, மிச்சத்துக்குத் தண்ணீரை நிறுத்தி, காற்று படும் இடத்துக்கு மாற்றுங்கள். விதைத்தபோது மூடி வைத்த பிளாஸ்டிக்கை இன்னும் எடுக்கவில்லை என்றால் இப்போதே எடுங்கள். முளை தலை காட்டியதுமே அதன் வேலை முடிந்தது.

சரி, அளவாகத்தானே ஊற்றினோம், மண் ஏன் காயவே இல்லை? பலர் கோட்டை விடுவது இங்கேதான். வெளிச்சம் குறைந்தால் செடி தண்ணீர் குடிப்பதும் குறையும். ஜன்னலோரம் இருக்கும் செடிக்குச் சரியாக இருக்கிற அதே அளவு தண்ணீர், அறையின் மூலையில் இருக்கும் செடிக்கு வெள்ளம். அதனால் ‘இரண்டு நாளுக்கு ஒரு முறை’ என்ற கணக்கை நான் நம்புவதில்லை.

நம் கண்ணை நம்பினாலும் ஏமாந்துதான் போவோம். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள்; நடுப்பகல் வெயில் சுமார் 1,00,000 லக்ஸ். நமக்குப் பளிச்சென்று தெரிகிற அறை பெரும்பாலும் 500 லக்ஸைத் தாண்டாது. படிக்க அது போதும், நாற்றுக்குப் பட்டினி. வெளிச்சம் போதாத நாற்று அதைத் தேடி நீளும்: தண்டு வெளிறி, உயரமாக, இலைக்கும் இலைக்கும் நடுவே பெரிய இடைவெளி. ‘ஒரே வாரத்தில் எவ்வளவு வளர்ந்துவிட்டது பாருங்கள்’ என்று சந்தோஷப்படுவது இந்தக் கட்டத்தில்தான்! நீண்டது தக்காளியாக இருந்தால் பிழைக்க வைக்கலாம், மாற்றி நடும்போது விதையிலை (முளைத்ததும் முதலில் விரியும் இலை ஜோடி) வரைக்கும் தண்டைப் புதைத்தால் அதிலிருந்தே வேர் விடும். எல்லாச் செடியிலும் இது பலிக்காது.

ஜன்னல் என்றால் கண்ணாடியை ஒட்டி வையுங்கள், தினமும் தொட்டியைக் கொஞ்சம் திருப்புங்கள். அது போதவில்லை என்றால் எல்இடி விளக்கு. வாங்கி மாட்டியதோடு விட்டுவிடாதீர்கள், உயரம்தான் முக்கியம். சின்ன பல்பை இரண்டு மடங்கு தூரத்துக்கு உயர்த்தினால் இலைக்குக் கிடைக்கும் வெளிச்சம் ஏறக்குறைய கால் பங்காகிவிடும். இலை உயரத்தில் புறங்கையை வைத்துப் பாருங்கள், சூடு உறைத்தால் விளக்கு ரொம்பக் கிட்டத்தில் இருக்கிறது. ஒரு நாளைக்கு 14 முதல் 16 மணி நேரம் போதும், அதற்கு ஒரு டைமர் போட்டுவிட்டால் நிம்மதி. ராத்திரியும் எரியவிட்டால் இன்னும் வளரும் என்பது தப்புக்கணக்கு; விடாத வெளிச்சத்தில் தக்காளி இலை மஞ்சளாகிவிடும்.

இனி தண்ணீர். மேல் மண் காய்ந்ததைப் பார்த்து ஊற்றாதீர்கள், தென்னை நார்க் கலவை மேலே வெளுத்துக் கிடக்கும்போதே உள்ளே சொதசொதவென்று இருக்கும். தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். நன்றாக ஊற்றி வடிந்த பிறகு ஒரு முறை, லேசான பிறகு ஒரு முறை தூக்கிப் பழகிவிட்டால் கைக்கே தெரிந்துவிடும். லேசானதும் தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் 15, 20 நிமிடம் உட்கார வையுங்கள், துளை வழியாக மண் தேவையானதை உறிஞ்சிக்கொள்ளும். அப்புறம் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். தட்டிலேயே ஊறவிட்டால் வேர் மூச்சு முட்டும். தினமும் ஸ்பிரேயரில் புஸ் புஸ்ஸென்று அடிப்பது அக்கறையாகத் தெரியும், ஆனால் மேல் அரை அங்குலம் மட்டும் நனைந்தே கிடக்கும், வேர் கீழே போகாது.

வடிய வேண்டுமென்று தொட்டியின் அடியில் கல் போடுகிறார்கள். வேண்டாம். மண்ணில் நிற்கும் ஈரம் கல்லுக்குள் எளிதில் இறங்காது, கல்லுக்கு மேலே வேர்ப்பக்கமே தேங்கும். துளை இருந்தால் போதும். கட்டைவிரல் உயர நாற்றைப் பெரிய தொட்டியில் வைப்பதும் இதே கதைதான், அவ்வளவு ஈரத்தைக் குடிக்க அதற்கு வேர் ஏது? உரத்தைப் பற்றி, விதையிலைக்கு அடுத்த நிஜ இலைகள் வரும்வரை யோசிக்கவே வேண்டாம்.

கடைசியாக ஒன்று. உள்ளேயே வளர்ந்ததை ஒரே நாளில் உச்சி வெயிலில் வைத்தால் இலை காகிதம் மாதிரி வெளுத்துவிடும். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், அப்புறம் இளவெயில், இப்படி ஒரு வாரம் பத்து நாள் பழக்குங்கள். ஏற்கெனவே வெளுத்துவிட்டதா? அந்த இலை திரும்பப் பச்சையாகாது. ஆனால் நடுவில் குருத்து பச்சையாக இருந்தால் பிடுங்கிவிடாதீர்கள், அடுத்து வரும் இலை அந்த வெயிலுக்குத் தகுந்தபடியே விரியும்.