காளான் நூல் எப்பிடி வழி தேடி வளருது, வீட்லயே பாக்கலாம்

மழை மாசத்துல லயத்து சுவர்லயும் செருப்புலயும் பூஞ்சணம் பூக்குறத மலைநாட்டுல பாக்காதவங்க இல்ல, ஆனா பூஞ்சணத்துக்கும் காளானுக்கும் உடம்பா இருக்குற மெல்லிய நூல் நகர்றத பாக்கணும்னா ஒரு ஸ்கூல் மைக்ரஸ்கோப் போதும், ஏ.எல். பயோ படிக்கிற பிள்ளைங்க கட்டாயம் செஞ்சு பாருங்க.

50 கிராம் உருளக்கெழங்க கால் லீட்டர் தண்ணில அவிச்சு வடிச்சு, 5 கிராம் சீனி, 5 கிராம் கடல்பாசி (அகர் அகர்) கரைச்சு பிரஷர் குக்கர்ல அரை மணி நேரம் வைங்க. மத்த கிருமி சாக சும்மா சட்டில கொதிக்க வெச்சா பத்தாது, நுவரெலியா 1868 மீட்டர் உயரம், இங்க தண்ணி 94 பாகைக்கு கிட்டயே கொதிச்சிரும். கண்ணாடி ஸ்லைட், கவர் ஸ்லிப், ஒரு தலமுடி, இதயும் குக்கர்லயே போட்டு எடுங்க.

அந்தக் கரைசல ஸ்லைட்ல மெல்லிசா ஊத்தி, முடிய குறுக்க வெச்சு, சிப்பிக் காளான் தண்ட கிழிச்சு உள்ள இருக்குற சதைல கடுகளவு ஒரு ஓரமா வெச்சு, கவர் ஸ்லிப்ப அமத்தி, ஈர டிஷு போட்ட மூடின டப்பால வைங்க. குளிருக்கு மெதுவாத்தான் வளரும், அடுப்படி பக்கம் நல்லது.

வளர்ந்ததும் ரெண்டு கிளைக்கு நடுவுல உள்ள தூரத்த அரை மணிக்கு ஒருக்கா போன்ல படம் எடுத்து பாருங்க, அது மாறாது, நுனி மட்டும் தள்ளிட்டே போகும். இதுதான் முக்கியமான விசயம், பின்னால சுவர் இறுகிருச்சு, நுனில மட்டும் இளசா இருக்கு, உள்ள தண்ணி அழுத்தம் தள்ளுது. நியூரோஸ்போராங்குற பூஞ்சணத்துல அந்த அழுத்தம் நம்மள சுத்தியுள்ள காத்தழுத்தத்த போல 4-5 மடங்கு, கார் டயர்ல உள்ளத விட கூட. புது சுவருக்கான சாமான் குட்டி பைகள்ல வந்து நுனில குவியும், அந்தக் குவியலுக்கு பேர் ஸ்பிட்சன்கோர்ப்பர், அது எந்தப்பக்கம் சாயுதோ நூலும் அந்தப்பக்கம் திரும்பும்.

இப்ப முடிகிட்ட பாருங்க. முட்டின நுனி அத ஒட்டியே ஓடும். நியூரோஸ்போராவ நுண்ணிய புதிர்ப் பாதைல விட்டப்ப தடைய தாண்டினதும் பழைய திசைக்கே திரும்பிச்சாம், உங்க சிப்பிக் காளானும் அப்பிடி செய்யுதான்னு கவனிங்க. 1869ல இலங்கைல தெரிஞ்சு கோப்பித் தோட்டத்தையே அழிச்ச துருநோயும் இப்பிடித்தான் இலைக்கு அடில ஊர்ந்து இலைத்துளைய கண்டுபிடிச்சு உள்ள போச்சு.

கடைசியா கவர் ஸ்லிப் ஓரத்துல ஒரு சொட்டு உப்புத்தண்ணி விடுங்க, நூலுக்குள்ள இருந்து தண்ணி வெளிய போய் அழுத்தம் இறங்கி நுனி நின்னுரும்.

பச்சையா கறுப்பா ஏதும் படர்ந்தா திறக்காம அப்பிடியே குக்கர்ல போட்டு அவிச்சு வீசிருங்க, இழுப்பு உள்ளவங்க கிட்ட போகவே வேணாம்.